எஞ்சின், ரிடக்‌ஷன், புரொப்பல்லர்: வீட்டில் கட்டும் சிறு விமானத்துக்கு மூன்றையும் பொருத்தும் முறை

ராமேசுவரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில், வல்லம் எனும் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது ஒரே மாதிரிக் குறையோடு வருவார்கள். "அண்ணே, எஞ்சின் நல்லாத்தான் இரையுது, வல்லம் நகர மாட்டேங்குது" என்பார் ஒருவர். "புது எஞ்சின் போட்டும் கரும்புகையா தள்ளுது, கொதிக்குது" என்பார் இன்னொருவர். முதல் வல்லத்தில் புரொப்பல்லர் சின்னது, எஞ்சினுக்குச் சுமை போதவில்லை. இரண்டாவதில் பெரியது, எஞ்சின் தன் சுற்றுக்கே வர முடியாமல் திணறுகிறது. இரண்டிலும் எஞ்சினைத் திறக்க வேண்டிய வேலையே இருக்காது.

நண்பர் ஒருவர் உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்புக் கொட்டகையில் இரண்டு பேர் அமரும் சிறு விமானம் கட்டத் தொடங்கி, எஞ்சின் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார். அங்கேயும் இதே கணக்குதான் என்று போன கொஞ்ச நாளிலேயே புரிந்தது. தண்ணீரைவிடக் காற்று ஏறக்குறைய 800 மடங்கு லேசானது, அதனால் எண்கள் மாறும். ஆனால் எஞ்சின், ரிடக்‌ஷன், புரொப்பல்லர் மூன்றையும் ஒரே பொருளாக நினைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மாறவில்லை. ரிடக்‌ஷன் என்பது எஞ்சினின் சுற்றைக் குறைத்துப் புரொப்பல்லருக்குக் கொடுக்கும் அமைப்பு. எஞ்சினை முதலில் வாங்கி வைத்துவிட்டு மற்ற இரண்டையும் அதற்குத் தேடி அலைவதுதான் பலரும் செய்கிற தவறு. விமானத்தின் வேகத்தில் தொடங்கி, புரொப்பல்லருக்கு வந்து, அங்கிருந்து பின்னோக்கி எஞ்சினுக்குப் போக வேண்டும். நாங்கள் போன வழியை எண்களோடு சொல்கிறேன். உங்கள் எண்களை வைத்து நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒன்று. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமான தளம் இருக்கிறது. கடலுக்குள் கொஞ்ச தூரத்தில் பன்னாட்டு எல்லை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதியும் வான்வெளி அனுமதியும் இல்லாமல் இங்கே ஓர் அடி உயரம்கூட எழும்பக் கூடாது. கொட்டகையில் கட்டலாம், கட்டிப்போட்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம். பறப்பது உரிய அனுமதியோடு, உரிய ஓடுதளத்தில்தான். இதில் சமரசம் வேண்டாம்.

விமானத்தை எழுதிக்கொள்ளுங்கள்

முதலில் ஒரு தாளில் நான்கு எண்கள். முழுச் சுமையோடு எடை எவ்வளவு, எந்த வேகத்தில் மேலேறும், எந்த வேகத்தில் நிதானமாகப் பறக்கும், புரொப்பல்லர் அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும்.

எங்களுடையது குழாய்ச் சட்டமும் துணிப் போர்வையும் கொண்டது, முன்சக்கரம் உள்ளது. முழுச் சுமையோடு 450 கிலோ. மேலேறுவது மணிக்கு 90 கிலோமீட்டரில், நிதானப் பறப்பு 110 கிலோமீட்டரில். அச்சு உயரம் 1.12 மீட்டர். இது மெதுவான விமானம். மெதுவாகப் போகிற எதற்கும் பெரிய புரொப்பல்லர் மெதுவாகச் சுற்றுவதுதான் பொருந்தும். பாரம் ஏற்றி நிதானமாகப் போகும் வல்லத்துக்கும் அதே கணக்குதான்.

எஞ்சினின் உண்மையான பலம்

நாங்கள் எடுத்தது மாருதி ஜிப்ஸியில் வந்த 1.3 லிட்டர் ஜி-13 எஞ்சின். இந்தக் கரையில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோக்கும் எஞ்சின் அது. உதிரிப் பாகமும் கிடைக்கும். தாளில் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் 80 குதிரைத்திறன் என்று போட்டிருக்கும். அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. கார் எஞ்சின் முழு பலத்தில் ஓடுவது முந்தும்போது சில விநாடிகள்தான். விமானத்தில் நிமிடக் கணக்கில் முழு பலம், மணிக்கணக்கில் முக்கால் பலம். அதனால் 5,000 சுற்றை எல்லையாக வைத்துக்கொண்டோம்.

அந்தச் சுற்றில் டார்க், அதாவது முறுக்குவிசை, 100 நியூட்டன் மீட்டர் என்று எடுத்துக்கொண்டோம். டார்க்கைச் சுற்றால் பெருக்கி 9,549 ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 52.4 கிலோவாட், அதாவது சுமார் 70 குதிரைத்திறன்.

இனி வெயிலைக் கழியுங்கள். விமானத் துறையில் எஞ்சின் பலத்தை 15 டிகிரிக் காற்றை வைத்துக் கணக்கிடுவார்கள். நம் ஊரில் பங்குனி, சித்திரையில் பகல் 35 டிகிரியைத் தொடுவதுண்டு. அந்தச் சூட்டில் காற்று ஆறு ஏழு சதவீதம் லேசாகிவிடும். கடல் ஈரமும் காற்றில் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 70 என்பது 65 ஆகிவிடும், 48.5 கிலோவாட். குளிர்ந்த ஊர்க்காரர் எழுதிய அட்டவணையை அப்படியே எடுத்து இந்தக் கரையில் போட்டால் முதல் ஓட்டத்திலேயே ஏமாற்றம்தான்.

புரொப்பல்லரின் விட்டம்

இடம் விட்டால் விட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட லாபம். நின்ற நிலையில், அதே பலத்துக்கு, இழுவிசை விட்டத்தின் மூன்றில் இரண்டு மடிக்கு ஏற்ப மாறும். 1.40 மீட்டரிலிருந்து 1.73 மீட்டருக்குப் போனால் இழுப்பு 15 சதவீதம் கூடும். அதே பெட்ரோல், அதே எஞ்சின்.

இரண்டு விஷயம் இந்த ஆசைக்கு அணை போடும்.

ஒன்று தரை. முன்சக்கர விமானத்தில் பிளேடு நுனிக்கும் தரைக்கும் குறைந்தது 18 சென்டிமீட்டர், வால்சக்கர விமானத்தில் 23 சென்டிமீட்டர் என்பது நெடுநாள் வழக்கம். மணல் தரையில் நான் 25 வைப்பேன். 1.12 மீட்டரில் 0.25 போக 0.87. அதன் இரட்டிப்பு 1.74. நாங்கள் 1.73 எடுத்தோம்.

இரண்டாவது ஒலிவேகம். பிளேடு நுனி ஒலிவேகத்தை நெருங்கினால் இரைச்சல் காதைப் பிளக்கும், பலம் வீணாகும். ஒலிவேகத்தில் 0.7 அல்லது 0.75 பங்குக்குள் வைத்துக்கொள்வது நல்லது. 35 டிகிரியில் ஒலிவேகம் விநாடிக்கு ஏறக்குறைய 352 மீட்டர். நுனி வேகம் கண்டுபிடிக்க விட்டத்தை 3.14 ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றால் பெருக்கி, 60 ஆல் வகுக்க வேண்டும்.

1.73 மீட்டர் புரொப்பல்லரை நேராக எஞ்சினில் மாட்டி 5,000 சுற்று சுற்றினால் நுனி விநாடிக்கு 453 மீட்டர் போகும். ஒலியை மிஞ்சிவிட்டது, ஆகாது. 0.75 பங்குக்குள் அடக்க வேண்டுமானால் விட்டத்தை ஒரு மீட்டராகக் குறைக்க வேண்டும். அப்போது இழுப்பில் 30 சதவீதம் போய்விடும். ரிடக்‌ஷன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் போதும்.

ரிடக்‌ஷன் விகிதம்

விட்டம் முடிவானால் விகிதம் பாதி முடிவான மாதிரி. புரொப்பல்லர் விழுங்கும் பலம் சுற்றின் மும்மடிக்கும் விட்டத்தின் ஐந்தாம் மடிக்கும் ஏற்ப மாறும். சுற்று பத்து சதவீதம் கூடினால் பலத் தேவை 33 சதவீதம் கூடும். விட்டத்தை 1.73லிருந்து 1.78 ஆக்கினால், வெறும் ஐந்து சென்டிமீட்டர், 15 சதவீதம் கூடும். இந்த விதியை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறு நடக்காது.

நாங்கள் 2.2க்கு 1 எடுத்தோம். 5,000 சுற்று 2,273 ஆகிறது. நுனி வேகம் 206 மீட்டர், ஒலியில் 0.58 பங்கு. அமைதியாக ஓடும்.

"இன்னும் மெதுவாக, 3க்கு 1 போட்டால் இன்னும் நல்லதுதானே?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அப்போது புரொப்பல்லர் 1,667 சுற்றுக்கு வந்துவிடும், அதே பிளேடு அதே கோணத்தில் விழுங்கும் பலம் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். மீதியை விழுங்க வைக்க விட்டத்தைக் கூட்டத் தரை விடாது, பிளேடின் கோணத்தைத்தான் ஏற்ற வேண்டும். கோணம் ரொம்ப ஏறினால் விமானம் நிற்கும்போதும் ஓடத் தொடங்கும்போதும் பிளேடு காற்றைப் பிடிக்காது, சும்மா கலக்கும். இழுப்பு மிகவும் தேவைப்படுகிற நேரமே அதுதான். விட்டத்தைக் கூட்ட இடம் இல்லாதபோது விகிதத்தை மட்டும் கூட்டுவதில் பயன் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, சிறு விமானங்களுக்கென்றே செய்யப்படும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் இருக்கிறது. 80 குதிரைத்திறன் வகை 5,800 சுற்றில் 2.27க்கு 1, 100 குதிரைத்திறன் வகை 2.43க்கு 1. நம் கணக்கு அந்தப் பக்கத்தில் வந்து நின்றால் பெரிய பிழை இல்லை என்று நம்பலாம்.

பிட்ச்

புரொப்பல்லர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னே போக வேண்டும் என்று பாருங்கள். 110 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 30.6 மீட்டர். அப்போது எஞ்சின் 4,500, புரொப்பல்லர் 2,045, அதாவது விநாடிக்கு 34 சுற்று. ஒரு சுற்றுக்கு 0.90 மீட்டர் முன்னேறுகிறது. பிளேடு காற்றைச் சற்றே சாய்வாக வெட்டினால்தான் இழுக்கும், ஆகவே பிட்ச், அதாவது பிளேடின் கோணப்படி ஒரு சுற்றுக்கு முன்னேற வேண்டிய தூரம், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 1.04 மீட்டர். முக்கால் ஆரத்தில், மையத்திலிருந்து 65 சென்டிமீட்டரில், இது 14 டிகிரியைச் சற்றுத் தாண்டிய கோணம்.

முதல் விமானத்துக்குத் தரையில் கோணம் மாற்றக்கூடிய புரொப்பல்லரே என் பரிந்துரை. மரப் புரொப்பல்லர் அழகானது, அதிர்வையும் நன்றாகத் தாங்கும், ஆனால் கணக்குத் தவறினால் விறகு. இரண்டு பிளேடா மூன்றா என்பதில் அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். விட்டத்துக்கு இடம் இருந்தால் இரண்டு, இல்லாவிட்டால் மூன்று.

பெல்ட்டா, கியரா?

பற்சக்கர கியர் ஒரே ஜோடியாக இருந்தால் சுற்றும் திசை மாறிவிடும். பெல்ட்டிலும், வெளி வளையம் அசையாத பிளானட்டரி கியரிலும் திசை மாறாது. புரொப்பல்லர் வாங்குவதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் சுற்றுவதும் வலப்பக்கம் சுற்றுவதும் வேறு வேறு பொருள், திருப்பி மாட்டிச் சரிசெய்ய முடியாது.

நாங்கள் பல் வைத்த பெல்ட்டுக்குப் போனோம். 8 மில்லிமீட்டர் பல் இடைவெளி, எஞ்சின் பக்கம் 40 பல், புரொப்பல்லர் பக்கம் 88 பல். லேத்திலேயே பாதி வேலை முடியும், எண்ணெய் வேண்டாம், தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். ஒரு கஷ்டம் உண்டு. 40 பல் புல்லியின் ஆரம் 51 மில்லிமீட்டர். 100 நியூட்டன் மீட்டர் டார்க்கை அந்த ஆரத்தில் கொடுக்க பெல்ட் 1,960 நியூட்டன் இழுக்கும், 200 கிலோ. பெல்ட்டை முதலிலேயே இறுக்கி வைக்கும் முன்னிழுவையும் சேர்ந்தால் இன்னும் கூடும். இத்தனையும் கிராங்க்‌ஷாஃப்ட்டின் வால்முனையைப் பக்கவாட்டில் இழுக்கும், காரில் அதற்கு அப்படி ஒரு சுமையே கிடையாது. ஆகவே புல்லியைத் தனி ஷாஃப்ட்டில், இரண்டு பக்கமும் பேரிங் கொடுத்து நிறுத்தி, கிராங்க்கிலிருந்து முறுக்கை மட்டும் ஒரு கப்ளிங் (இரண்டு ஷாஃப்ட்டையும் சேர்க்கும் இணைப்பு) வழியாக எடுக்க வேண்டும். அந்தக் கப்ளிங்தான் இந்தக் கட்டுரையின் கடினமான பகுதி.

முறுக்கதிர்வு

எஞ்சின் சீராகச் சுற்றுவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அது குத்திக் குத்திச் சுற்றுகிறது. நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு குத்து. ஒரு முனையில் ஃப்ளைவீல் எனும் எஞ்சினின் கனச்சக்கரம், மறுமுனையில் புரொப்பல்லர், நடுவில் ஷாஃப்ட்டும் கப்ளிங்கும் ஒரு ஸ்பிரிங் மாதிரி. இந்த அமைப்புக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. எஞ்சினின் குத்து அதோடு ஒத்துப்போனால், ஊஞ்சலைத் தாளம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி, முறுக்கு ஏறிக்கொண்டே போய் எதையாவது உடைக்கும்.

இது புதிய நோய் இல்லை. 1903இல் ரைட் சகோதரர்கள் சுமார் 12 குதிரைத்திறன் எஞ்சினிலிருந்து 23க்கு 8 என்ற விகிதத்தில் சங்கிலி போட்டு, எட்டரை அடி புரொப்பல்லர் இரண்டை ஏறக்குறைய 350 சுற்றில் ஓட்டினார்கள். கிட்டி ஹாக்கில் எஞ்சினின் குலுக்கலில் சங்கிலிப் பற்சக்கரங்கள் கழன்றன. டயர் ஒட்டும் பசையை ஊற்றி இறுக்கினார்கள். பிறகு குழாய் ஷாஃப்ட்டில் விரிசல் விழுந்தது. ஆர்வில் தங்கள் ஊரான டேட்டனுக்குத் திரும்பிப் போய், குழாயாக இல்லாமல் உள்ளே நிறைந்த, ஆனால் அதைவிட மெலிந்த எஃகு ஷாஃப்ட் செய்து கொண்டுவந்த பிறகுதான் டிசம்பர் 17 வந்தது. உலகின் முதல் விமானத்தையே சில வாரம் தள்ளிப்போட்ட சங்கதி இது.

எங்களுக்கும் நடந்தது. முதலில் நான் எஃகு முள் வைத்து விறைப்பான கப்ளிங் ஒன்றைக் கடைந்து போட்டேன். வல்லத்தில் பழகிய கை. எஞ்சினை மெல்ல ஏற்றினோம். 2,800 வரை ஒன்றும் இல்லை. 3,000ஐத் தொட்டதும் உரலில் கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி ஒரு கரகரப்பு, 3,300 தாண்டியதும் மறைந்துவிட்டது. "போயிருச்சுல்ல, விடுங்க" என்றார் உதவிக்கு இருந்த தம்பி. நான் எஞ்சினை அணைத்துக் கழற்றிப் பார்த்தேன். போல்ட் ஓட்டைகளின் விளிம்பில் குங்குமம் தூவியது போல் மெல்லிய செந்தூள். இரும்போடு இரும்பு நுண்ணிதாக உரசினால் வரும் தூள் அது. பதினோரு நிமிட ஓட்டத்தில் ஓட்டைகள் முட்டை வடிவத்துக்கு வரத் தொடங்கியிருந்தன. அந்தச் செந்தூளைப் பார்த்தால் மேலே ஓட்டாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

காரணம் தேட இரண்டு பக்கத்தின் சுழல் நிலைமமும் (சுற்றும் வேகத்தை மாற்ற விடாமல் எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவு) வேண்டும். புரொப்பல்லருக்கு அதைக் கொட்டகையிலேயே அளக்கலாம். பனஞ்சட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் நீளத்தில் இரண்டு நைலான் கயிறு. மையத்திலிருந்து இரண்டு பக்கமும் சரியாக 30 சென்டிமீட்டரில் கட்டி, புரொப்பல்லரைத் தரைக்கு இணையாகத் தொங்கவிடுங்கள். மெல்லத் திருப்பிவிட்டால் அது இப்படியும் அப்படியும் முறுக்கி ஆடும். பக்கவாட்டில் ஊசலாடக் கூடாது, காற்றும் இருக்கக் கூடாது. பத்து ஆட்டத்துக்கு நேரம் எடுங்கள். எங்களுக்கு 31.5 விநாடி, ஓர் ஆட்டம் 3.15 விநாடி.

கணக்கு இப்படி: எடை 4.5 கிலோவை 9.81 ஆல் பெருக்கி, 0.30இன் வர்க்கத்தால் பெருக்கி, 3.15இன் வர்க்கத்தால் பெருக்குங்கள். வருவதை 39.5 ஆலும் கயிற்றின் நீளம் 2 ஆலும் வகுங்கள். 0.50 கிலோகிராம் சதுரமீட்டர். கியர்பாக்ஸ் கையேடுகள் இதைக் கிலோகிராம் சதுர சென்டிமீட்டரில் 5,000 என்று சொல்லும். ரோட்டாக்ஸின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு வரும் பி வகை கியர்பாக்ஸுக்கு எல்லை 3,000, சி வகைக்கு 6,000. அழகாக இருக்கிறதே என்று கனமான மூன்று பிளேடை பி வகையில் மாட்டுவது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்து தெரியும்.

ரிடக்‌ஷனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் புரொப்பல்லரை எஞ்சின் பார்க்கும்போது விகிதத்தின் வர்க்கத்தால் சுருங்கித் தெரியும். 0.50ஐ 4.84 ஆல் வகுத்தால் 0.103. எங்கள் ஃப்ளைவீல், கிராங்க் பக்கம் சுமார் 0.10. இரண்டின் தலைகீழ்களையும் கூட்டினால் 19.7. அதைக் கப்ளிங்கின் விறைப்பால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 6.28 ஆல் வகுத்தால் அதிர்வெண் வரும். விறைப்பு ரேடியனுக்கு 20,000 நியூட்டன் மீட்டர் என்று எடுத்தால் சரியாக 100 ஹெர்ட்ஸ். சுற்றுக்கு இரண்டு குத்து, ஆகவே நிமிடத்துக்கு 3,000 சுற்று. கரகரத்த இடம் அதேதான்!

விறைப்பைக் கூட்டி அதிர்வெண்ணை 5,000 சுற்றுக்கு மேல் தள்ள முடியுமா என்றால், ரொம்பக் கனமான ஷாஃப்ட் வேண்டும், எடை தாங்காது. எளிய வழி மறுபக்கம். மென்மையான ரப்பர் கப்ளிங் போட்டு அதிர்வெண்ணை ஐடிலுக்கும் (எஞ்சின் சுமையில்லாமல் சும்மா ஓடும் சுற்று) கீழே புதைத்துவிடுவது. விறைப்பு 500 என்றால் அதிர்வெண் 15.8 ஹெர்ட்ஸ், சுமார் 475 சுற்று. எங்கள் ஐடில் 1,600. குத்து அதிர்வெண் இயல்பான அதிர்வெண்ணைப் போல 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் அதிர்வைக் குறைக்கத் தொடங்கும். இங்கே மூன்று மடங்குக்கு மேல் தாண்டிவிட்டது. முழு டார்க்கில் ரப்பர் 11, 12 டிகிரி முறுக்கிக்கொள்ளும், அதைத் தாங்கும் கப்ளிங்காகப் பார்த்து வாங்க வேண்டும். விறைப்பு எண் எழுதித் தராத கப்ளிங்கை வாங்காதீர்கள்.

ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் அந்த 475ஐக் கடந்துதான் ஆக வேண்டும், ஒரு குலுக்கு இருக்கும். அங்கே நிற்கவிடாமல் சட்டென்று கடந்துவிட வேண்டும். ஐடிலை இறக்கி வைத்து "எவ்ளோ மெதுவா ஓடுது பாருங்க" என்று காட்டும் பழக்கம் இங்கே உதவாது. சிலிண்டர் எண்ணிக்கை குறைந்தால் குத்தும் குறையும், இரண்டு சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக்குக்குச் சுற்றுக்கு ஒன்றுதான். அதே கப்ளிங் அங்கே 950 சுற்றில் குலுக்கும்.

கட்டிப்போட்டு ஓட்டுதல்

இந்த வேலைக்கு விடியற்காலைதான் நேரம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று கிளம்பிவிட்டால் எண்ணெல்லாம் பொய். எதிர்க்காற்று புரொப்பல்லரின் சுமையைக் குறைத்து, சுற்றைக் கூட்டிக் காட்டும்.

வால்பக்கச் சட்டத்தில் கயிறு கட்டி, நடுவில் மீன் ஏலத்தில் தொங்கவிடும் டிஜிட்டல் தராசை மாட்டினோம். 300 கிலோ வரை காட்டும் தராசு, மறுமுனை தென்னை மரத்தில். கயிறு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். தராசின் கொக்கியை நம்பாமல் இன்னொரு கனமான கயிற்றைச் சற்றுத் தளர்வாகத் தனியே கட்டுங்கள். கொக்கி விட்டாலும் விமானம் போகாது. சக்கரத்துக்கு முன்னால் கட்டை. கீழே ஈரச் சாக்கும் தார்ப்பாயும், இல்லாவிட்டால் புரொப்பல்லர் மணலை உறிஞ்சித் தன் விளிம்பையே அரித்துக்கொள்ளும். துண்டு, லுங்கி, தொளதொளச் சட்டையோடு யாரும் பக்கத்தில் வரக் கூடாது. புரொப்பல்லர் சுற்றும் தளத்தின் நேர்ப் பக்கவாட்டில் மனிதரோ நாயோ நிற்கக் கூடாது. இதைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆளை நிறுத்துங்கள், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

சுற்றளக்கும் ஒளிமானியைச் சரிபார்க்க எளிய வழி: இரண்டு பிளேடு என்று அமைத்து, சோக் போட்ட பழைய டியூப் லைட்டைக் காட்டினால் 3,000 காட்ட வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். அதனாலேயே ஓடும் புரொப்பல்லரை வெயில் வெளிச்சத்தில் மட்டும் அளங்கள்.

பிட்ச்சை ஏற்றி வைத்தே தொடங்க வேண்டும். ஏறிய பிட்ச் எஞ்சினை அமுக்கும், அவ்வளவுதான். இறங்கிய பிட்ச் எஞ்சினை எல்லை தாண்டி ஓடவிட்டு உடைக்கும். நாங்கள் 16 டிகிரியில் தொடங்கினோம். முழுத் திராட்டிலில், அதாவது எஞ்சினுக்கு முழு முடுக்கம் கொடுத்தும், 4,300 சுற்று, மேலே போகவில்லை. ஒன்றரை டிகிரி குறைத்து 14.5க்கு வந்ததும் 4,660. எங்கள் அமைப்பில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 240 சுற்று. நின்ற நிலையில் 4,600, 4,700 என்பது சரியான இடம். மேலேறும்போது 4,800ஐத் தொடும், மட்டமாக முழுத் திராட்டிலில் பறக்கும்போது 5,000 எல்லையில் நிற்கும். தரையிலேயே 5,000 வந்தால் வானத்தில் அது எல்லை மீறும்.

தராசு 162 கிலோ காட்டியது. இந்தப் பலத்துக்கும் விட்டத்துக்கும் குறையே இல்லாத புரொப்பல்லர் என்றால் 238 கிலோ இழுக்கும் என்று கணக்கு. நிஜத்தில் அதில் 70 சதவீதம் வந்தால் நல்ல பொருத்தம். 120க்குக் கீழே நின்றால் பிட்ச்சையோ எஞ்சினையோ சந்தேகப்படுங்கள்.

ஒவ்வொரு முறை கோணம் மாற்றும்போதும் இரண்டு பிளேடும் 0.2 டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். செல்பேசியில் உள்ள மட்டமானியை ஒரு மரச் சட்டத்தில் பொருத்தி அளந்தாலே போதும். நுனிகள் ஒரே தடத்தில் போகின்றனவா என்று ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள், வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் பிளேடைத் தொட வேண்டும்.

முதல் 25 மணி நேரம்

முதல் ஓட்டம் முடிந்ததும், பிறகு 10 மணி நேரத்தில், பிறகு 25இல் புரொப்பல்லர் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் பாருங்கள். மரப் புரொப்பல்லர் போட்டவர்கள் பருவம் மாறும்போதும் பார்க்க வேண்டும். வாடைக்காலத்து ஈரத்தில் மரம் ஊதும், பங்குனி வெயிலில் சுருங்கும், போல்ட் தானாகத் தளரும். மரத்தை இழுத்துச் சுற்றுவது போல்ட்டின் தண்டு கிடையாது. தகடு மரத்தை அழுத்தும் உராய்வுதான் அதை இழுக்கிறது. அழுத்தம் போனால் ஓட்டை கருகும்.

பெல்ட்டின் பற்களின் அடியில் விரல் நகத்தால் நெருடுங்கள், வெடிப்பு இருந்தால் தட்டுப்படும். ரப்பர் கப்ளிங்கில் எண்ணெய் படக் கூடாது, பட்டால் ஊதிப்போய் விறைப்பு எண்ணே மாறிவிடும். கப்ளிங் போல்ட்டுகளின் மேல் ஒரு பெயிண்ட் கோடு இழுத்து வையுங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது.

உப்பு தனிச் சங்கதி. இங்கே கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும் காலையில் இரும்பைத் தொட்டால் பிசுபிசுக்கும். ஓடிய அன்று மாலையே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் பிளேடையும் புல்லியையும் துடைத்து, காயவிட்டு, போல்ட் தலைகளுக்கு மெல்லிய கிரீஸ் பூசுவோம். பேரிங் சீலில் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. பிளேடு முன்விளிம்பில் பாலியூரித்தேன் டேப் ஒட்டியிருக்கிறோம், மணல் அடித்த இடங்கள் அதில் புள்ளி புள்ளியாகத் தெரியும். புள்ளி கூடினால் டேப்பை உரித்து, புதிது ஒட்டி, புரொப்பல்லரை மறுபடி கத்திமுனையில் வைத்துச் சமன்பார்த்த பிறகே மாட்டுகிறோம்.